கடைசியில் கழுவும் தட்டு

அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது என்றைக்குமே அவள் வேலையாக இருந்ததில்லை. அதனால் இப்போது சிங்க் முன்னால் நிற்கும்போதெல்லாம் அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்துவிட்ட மாதிரிக் கூசியது. கூச்சம் கொஞ்ச நேரம்தான். பிறகு கோபம் வந்துவிடும். கோபத்துக்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது அவள் உத்தியோகம். தெருவே அவளை செக்கர் என்றுதான் கூப்பிடும், கட்டிய புருஷன் உட்பட. அவள் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பி திடீர் அக்கறையோடு வேடிக்கை பார்க்கிறவன், தூங்குகிற மாதிரித் தலையைத் தொங்கப்போடுகிறவன், அடுத்த நிறுத்தம் வரும்வரை பையைத் துழாவிக்கொண்டே இருக்கிறவள், எல்லாரும் அவள் கண்ணில் மாட்டிவிடுவார்கள். காட்டினால் நம்புவாள். காட்டாவிட்டால் கூடப்பிறந்தவனானாலும் இறங்கு என்பாள். கடவுள் விஷயத்திலும் அவளுக்கு அதே சட்டம்தான். இதுவரை யாரும் காட்டவில்லை, அவளும் நம்பவில்லை.

புருஷன் நேர் எதிர். பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. நாளெல்லாம் நீராவியில் வெந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மறுபடி தண்ணீர்ப் பக்கம் போகவே மனுஷனுக்குப் பிடிக்கக்கூடாது. அவருக்கு என்னவோ பிடித்திருந்தது. கல்யாணமான புதிதிலேயே, "சமையல் உன்னுது, சிங்க் என்னுது" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை ஒருநாளும் மீறியதில்லை.

வெறுமனே கழுவினால் பரவாயில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் தேய்க்கும்போது, அதில் சாப்பிட்டவருக்காக வாய்விட்டு வேண்டிக்கொள்வார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இருப்பது இரண்டு தட்டு. அவள் தட்டின் அடிப்பக்கம் எப்போதோ அடிபட்டு நெளிந்திருந்ததால் மேடையில் கவிழ்த்தால் டக் டக்கென்று ஆடிவிட்டுத்தான் நிற்கும். அதைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்துவிடுவார். "இதுல சாப்பிட்டவ நல்லாயிருக்கணும். அவ கால்வலி குறையணும். மத்தியானம் சண்டை போட்டானாமே ஒரு கண்டக்டர், நாளைக்கு அவன் கண்ணுல அவ படக்கூடாது. இன்னைக்கு அவ வீடு வந்து சேர்ந்தாளே, அதுக்கு நன்றி." பிறகுதான் கவிழ்ப்பார். கவிழ்த்துவிட்டால் வேண்டுதல் முடிந்தது என்று அர்த்தம். அவர் தங்கை வந்து டீ குடித்துவிட்டுப் போனால் டம்ளருக்கு ஒரு வேண்டுதல், மீட்டர் பார்க்க வந்த ஆள் தண்ணீர் குடித்தால் அதற்கும் ஒன்று. யாருடைய தட்டும் கழுவாமல் மறுநாளுக்குக் கிடக்கக்கூடாது. கிடந்தால் அந்த மனுஷருக்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு நாள் போய்விட்டதாம்.

"கடவுளுக்கு பஸ் ரூட்டெல்லாம் தெரியுமா, எந்தக் கண்டக்டர்னு எப்படிக் கண்டுபிடிப்பாரு?" என்று அவள் கூடத்திலிருந்து வம்புக்கு இழுப்பாள்.

"நீ நம்பர் சொல்லு, நான் சேர்த்துச் சொல்லிடறேன்" என்பார் அவர். அக்கம்பக்கத்தில் அவருக்குச் சாமியார் என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் கவனித்திருந்தாள். அவர் தான் சாப்பிட்ட தட்டைக் கடைசியில்தான் கழுவுவார். அப்போது ஒரு வார்த்தையும் வராது. கழுவுவார், கவிழ்ப்பார், கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். தன் தட்டுதானே என்று இருக்கும், அவள் கேட்டதில்லை.

அந்தச் சாமியாரின் இரண்டு கைமேலும்தான் நீராவிக் குழாய் வெடித்தது.

இப்போது அவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முழங்கை வரைக்கும் கட்டு. இடது கை தேறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கையில் விரல்கள் கறுத்துப்போயிருந்தன. மணிக்கட்டோடு எடுத்தாக வேண்டும், விஷம் மேலே ஏறுவதற்குள். ஆனால் அவர் இருக்கும் இருப்பில் மயக்க மருந்தைக்கூட உடம்பு தாங்காது.

"சாப்பிட வைங்கம்மா. முட்டை, பால், எதுவா இருந்தாலும் சரி. ஒரு வாரத்துல உடம்பு கொஞ்சம் தேறினாத்தான் நான் கத்தியையே எடுக்க முடியும். இல்லேன்னா கையோட போகவேண்டியது ஆளோட போயிடும்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாய் வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். அவர் பல்லால் கடித்துக் குழாயைப் பிடுங்கிவிட்டார். வீட்டுக்குப் போகணும் என்று அவர் சொன்ன ஒரே சொல்லுக்காக அழைத்து வந்திருந்தார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். பகலில் நாத்தனார் வந்து பக்கத்தில் இருப்பாள். துணி தைக்கிறவள், தன் பிழைப்பை விட்டுவிட்டு வருகிறாள். சாயங்காலம் செக்கர் யூனிஃபார்மோடு உள்ளே நுழையும்போதே நாத்தனார் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"வாயே திறக்கல அண்ணி. கெஞ்சிட்டேன், அழுதுட்டேன், திட்டிக்கூடப் பார்த்துட்டேன். வேணாம்னு ஒத்த வார்த்தை, அவ்வளவுதான்."

"கட்டு பிரிச்சப்போ?"

"நர்ஸு பிரிக்கும்போது தன் கையைப் பார்த்தாரு. எவனோட கையோ மாதிரிப் பார்த்துட்டு மறுபடி திரும்பிக்கிட்டாரு." நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் மாதிரி நீங்களாவது ரெண்டு வார்த்தை வேண்டிக்கிட்டுக் கழுவலாமில்ல?"

"உங்க அண்ணன் இத்தனை வருஷம் வேண்டிக் கழுவுனதுக்குக் கெடைச்ச கூலியத்தான் பார்த்தோமே" என்றாள் அவள். நாத்தனார் படியிறங்கிப் போனாள். பாவம், அவளை ஏன் கடித்தோம் என்று இவளுக்கு உடனே வருத்தமாகவும் இருந்தது.

சோற்றைக் குழையப் பிசைந்து, ஸ்பூனோடு உள்ளே போனாள். மருந்து நாற்றத்துக்கு அடியில் இன்னொரு நாற்றமும் இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி மூச்சுவிடப் பழகியிருந்தாள். "என்னங்க, ஒரு வாய்" என்றாள். முதுகு அசையவில்லை. "அரை வாய்." அவர் வேணாம் என்றார். வாயை அவளே பிடித்துத் திறந்து ஊட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஸ்பூனை உதட்டில் வைத்து அழுத்தினாள். அவர் உதடு மூடியே இருந்தது, சாப்பாடு தாடைவழியே தலையணையில் வழிந்தது. துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவளுக்கும் சோறு இறங்கவில்லை. அவர் விட்ட தட்டிலிருந்து நின்றபடியே ஒரு வாய் போட்டு, விழுங்க முடியாமல் விழுங்கி, மீதியைக் கொட்டினாள். தனக்கென்று தட்டு எடுத்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

அவர் தட்டைச் சிங்கில் போட்டாள். போட்டாள் என்பதைவிட எறிந்தாள் என்பதுதான் சரி. தேய்க்க ஆரம்பித்ததும் ஆத்திரம் கிளம்பிவிட்டது.

"உன்னைத்தான் கேக்கறேன்" என்றாள் குழாயைப் பார்த்து. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "ஸ்பூனுக்கு நன்றி சொன்ன மனுஷன். டீ வடிகட்டிக்கு நன்றி சொன்ன மனுஷன். எவன் எவனுக்கோ வேண்டிக்கிட்ட அந்தக் கையத்தான் வேக வைக்கணுமா? வேற கையே கெடைக்கலியா உனக்கு? நான் இருக்கேனே, ஒரு நாளாவது உன்னைக் கும்பிட்டிருக்கேனா, என் கைய எடுத்திருக்கலாமில்ல?" தட்டை அலசி மேடையில் அறைந்தாள். அலமாரிக் கதவே அதிர்ந்தது.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. பேசாமல் கிடந்து கரகரத்துப்போன குரல்.

"உன் தட்டு எங்க?"

ஈரக்கையோடு வாசற்படியில் போய் நின்றாள். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டீங்க?"

"உன் தட்டு. டக்டக் சத்தம் காணோமே. ரொம்ப நாளாக் காணோம்."

"நான் முன்னாடியே சாப்பிட்டுக் கழுவி வச்சிட்டேன்" என்றாள். பொய்யை வாழ்நாளெல்லாம் பிடித்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, குரல் ஒரு மாதிரி உயர்ந்து நின்றது.

மறுநாள் அவள் உஷாராகிவிட்டாள். அவர் தட்டைக் கழுவியதும் அலமாரியிலிருந்த தன் தட்டை எடுத்துக் குழாயில் ஒருமுறை காட்டி மேடையில் கவிழ்த்தாள். அது டக் டக்கென்று ஆடி நின்றது. காரியம் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செக்கர்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இங்க வா."

போனாள்.

"தேய்க்கற சத்தமே இல்லாம டக்டக் மட்டும் வருது. டிக்கெட் எடுக்காமயே ஏறப் பாக்கற."

கையும் களவுமாக எத்தனையோ பேரைப் பிடித்தவள், தான் பிடிபட்டு அந்த வாசற்படியில் நின்றாள். சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அவர் மெல்லப் புரண்டார். அந்த அறைக்கு வந்த பிறகு முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய்க் கிடந்தது. தன் முகமும் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் பார்த்த பார்வையில் புரிந்தது.

"நீ சாப்பிடு" என்றார்.

"நீங்க ஒரு வாய் வாங்கினா நான் ஒரு வாய்."

"பேரம் பேசாத."

"பேரந்தான். இஷ்டம்னா பேசுங்க, இல்லேன்னா ரெண்டு பேரும் இப்படியே கெடந்து போய்ச் சேருவோம். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. கடைசியில் சாப்பிட வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைத்தால் தப்பு. முதல் நாள் சாப்பிட்டதெல்லாம் அவள் யூனிஃபார்ம் மேலேயே வந்தது. அடுத்த நாள் பாதி நின்றது. ஒவ்வொரு வாயையும் கசாயம் மாதிரி முழுங்கினார், முழுங்கிவிட்டு அவள் வாயைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். அவளும் முழுங்கினாள். இருவருக்கும் ருசி என்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தட்டையும் அவள் தேய்க்கும்போது உள்ளறை காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. டக்டக் கேட்டதும் ஒரு பெருமூச்சு வரும். நல்லது என்று அதற்கு அர்த்தமா, இன்னும் ஒருநாளா என்று அர்த்தமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வார முடிவில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளைக் காலையிலேயே வரச்சொன்னார். இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து. உடம்பு தாங்குமா என்று அவள் கேட்டாள். "தாங்கும்னு நம்புவோம்மா" என்றார் அவர். நம்புவது என்றால் என்னவென்றே தெரியாதவளிடம் போய் அதைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் தட்டைக் காலி செய்தார். அதற்கப்புறம் பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது என்று உத்தரவு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், என்ன தோன்றியதோ, நின்று கேட்டாள்.

"ஊரார் தட்டுக்கெல்லாம் வேண்டுவீங்க. உங்க தட்டுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லமாட்டீங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நான் சொல்றதில்ல."

"பின்ன யாரு சொல்றது?"

"நீ சொல்வேன்னு விட்டு வச்சேன். ஆரம்பத்துல, கடைசித் தட்டக் கையில எடுக்கறப்ப ஒரு நிமிஷம் நிப்பேன். வருவியான்னு பார்ப்பேன். அப்புறம் பழகிப்போச்சு" என்றார்.

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு வாங்கினா அது என்ன வேண்டுதல்?"

"எனக்குத்தான் நம்பிக்கையே கெடையாதே" என்றாள், ஏதோ அது ஒரு பதில் என்கிற மாதிரி.

"எனக்கும் இப்ப இல்ல" என்றார் அவர். "குழாய் வெடிச்சப்பவே போயிடுச்சு. அப்புறமும் தேடிப் பார்த்தேன். வாயைத் திறந்தா ஒண்ணும் வரல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சிங்க் முன்னால் வந்து நின்றாள். தன் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்தாள். அவர் தட்டை எடுத்தாள். இதுல சாப்பிட்டவரு என்று மனசுக்குள் ஆரம்பித்தாள், அதற்கு மேல் போகவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறுகிற மாதிரி வெட்கமாக இருந்தது. சும்மா கழுவிக் கவிழ்க்கவும் கை வரவில்லை. இத்தனை வருஷம் சும்மாவே கவிழ்ந்த தட்டு. கடைசியில் அதை ஒரு துண்டில் சுற்றி, ஆஸ்பத்திரிப் பையில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். எச்சில் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபரேஷனுக்குப் போன குடும்பம் உலகத்தில் அவர்களாகத்தான் இருக்கும்.

காலையில் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செக்கர் நடந்தாள். சுவரோரம் போனாள், திரும்பினாள். எல்லாரும் யாருக்காகவோ அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கூடம் அது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு நர்ஸ் ஓடிவந்து இன்னொரு பாட்டில் ரத்தம் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அதைப் பார்த்ததும் செக்கர் பையைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவும் குழாய்க்குப் போனாள்.

காய்ந்துபோயிருந்ததை நகத்தால் சுரண்டினாள். சோப்புத் துண்டைத் தடவினாள். "இதுல சாப்பிட்டவரு" என்றாள். சத்தமாக.

"இதுல சாப்பிட்டவரு நல்லாயிருக்கணும். நீ இருக்கியா இல்லியா எனக்குத் தெரியாது. இருந்தா கேளு. நான் அழுக்குக் கைய வச்சுக்கிட்டு டீவி பார்த்தப்பெல்லாம் என் தட்டைக் கழுவுன மனுஷன் இவரு. என் கால் வலிக்கு இவரு வேண்டுனாரு, வலி குறைஞ்சுதான் போச்சு, நான்தான் சொல்லல. தினமும் ராத்திரி வீடு சுத்தமா இருந்துச்சு, காலையில எடுக்கறதுக்குத் தட்டு பளபளன்னு இருந்துச்சு. அதுக்கு நான் யாருக்குமே நன்றி சொன்னதில்ல, இவருகிட்டகூட. இப்பச் சொல்றேன். லேட்டுதான். ஃபைன் போட்டுக்கோ. ஆளை விட்டுடு."

"ஏம்மா, இங்க பாத்திரம் கழுவக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, கண்ணு தெரியல?" என்று துடைப்பத்தோடு வந்த துப்புரவுக்காரம்மா அதட்டினாள்.

"தெரியுது" என்றாள் செக்கர். கழுவுவதை நிறுத்தவில்லை. அந்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், கதவுக்கு மேல் எரிந்த விளக்கைப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் தள்ளிப்போய்த் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். கவிழ்த்து வைக்க அங்கே மேடை இல்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள், புடவை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

டாக்டர் வெளியே வந்து சொன்னது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மணிக்கட்டோடு நிற்கவில்லை, முழங்கைக்குக் கீழே வரை எடுக்க வேண்டியதாயிற்று. நடுவில் ஒருமுறை நாடி விழுந்து, திரும்பப் பிடித்தார்கள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஆள் இருக்கிறார்.

மறுநாள் மத்தியானம்தான் அவர் கண்ணைத் திறந்தார். வார்டில் வரிசையாகக் கட்டில்கள், மூலையில் ஒரு தொட்டியும் குழாயும். அவர் கண் முதலில் வலதுபக்கம் போனது. போர்வை சட்டென்று சரிந்து தட்டையாகக் கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கண் அவளிடம் வந்தது, அவளைத் தாண்டி மருந்து வைக்கிற சின்ன மேஜைக்குப் போனது. அங்கே அவர் தட்டு கவிழ்ந்திருந்தது.

"கழுவினியா?" வாய் வறண்டு சத்தமே வரவில்லை.

"ம்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

"தெரியல. கேட்டுச்சான்னும் தெரியல. சொல்லிட்டேன்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கை இல்லை, மற்றது கட்டுக்குள் இருந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

"பின்பக்கம் தேய்க்கல நீ" என்றார். "விளிம்போரம் பிசுக்கு அப்படியே இருக்கு."

அவள் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். எழுந்து மூலைக் குழாய்க்குப் போனாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பின்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, கட்டில் பக்கமிருந்து அந்தக் கரகரத்த குரல் கேட்டது. அவளிடம் பேசுகிற குரல் இல்லை அது. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை என்று சொன்னவரின் குரல்.

"இதைக் கழுவற கை நல்லாயிருக்கணும்."

அவள் அழுவது வார்டில் யாருக்கும் கேட்கக்கூடாதென்று குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் வீணாகப் போனால் அவருக்குப் பிடிக்காது என்று கொஞ்ச நேரத்தில் நினைவு வந்து, மூடினாள்.